வாய்க்கட்டு

கட்டு இறுகியிருந்தது. மோவாயிலிருந்து உச்சந்தலைவரை வெள்ளைத் துணி.

அவளுக்கு அது வசதிதான்.

பெஞ்சில் பிணமாகக் கிடந்தாள். நெற்றியில் ஒற்றை ரூபாய். சுற்றி ஆறு பெண்கள் மாரடித்து அழுதார்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

முப்பத்தோரு வருஷம். மாமியார், மீன்காரி, நீதிபதி, பைத்தியம், அமைச்சர். பிணம் இது நான்காவது.

பதினோரு நாளைக்கு முன்னால் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாகத் தானே ஒழுகியது. கண்ணாடியைப் பார்த்தாள். முகத்தில் பாதி செத்திருந்தது.

நரம்பு, என்றார் டாக்டர். மாத்திரை சாப்பிடணும், தினமும் இருபது பலூன் ஊதணும். செய்தால் ஒன்றிரண்டு மாதத்தில் சரியாகும். விட்டால் இப்படியே நின்றாலும் நிற்கும்.

இன்று காலையில் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு வந்து, பல்வலி என்றாள். மேக்கப்மேன் சீனியப்பனுக்கு மட்டும் தெரியும். மூடாத இடது இமையை டேப்பால் ஒட்டி மேலே பவுடர் பூசியவன் அவன்தான்.

அடுத்த மாதம் இதே டைரக்டரின் புதுப்படம். செங்கல் சூளைக்காரி. கதையே அவள்தான். முதல் தடவை.

வாய் கோணியது தெரிந்தால் வேறு ஆள் வந்துவிடுவாள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. சூளையில் கை ஒடிந்தவளுக்கு மறுநாள் வேலை கிடையாது. சூளையில் கிடந்த இவள் அம்மாவுக்கும் கிடைக்கவில்லை.

"ஓகே!"

அழுகை நின்றது. ஒருத்தி டீ கேட்டாள்.

இவள் எழப்போனாள்.

"அம்மா, சிரிக்காம எந்திரிச்சா எப்பிடி?" என்றார் டைரக்டர்.

மறந்தே போயிருந்தாள். பிணமாக நடித்தவர் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் எழவேண்டும். இல்லையென்றால் ஆகாது.

சீனியப்பன் ஓடிவந்தான். "அக்காவுக்குப் பல்லுவலி சார்."

"பொணத்துக்கு ஏதுய்யா பல்லுவலி? கட்ட அவுரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் விரல் முடிச்சிலேயே நின்றது.

அவளே அவிழ்த்தாள். டேப்பையும் உரித்தாள். நெற்றிக் காசு உருண்டு விழுந்தது.

சிரித்தாள்.

வலப்பக்கம் சிரித்தது. இடது கண் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது.



டைரக்டர் மானிட்டரை விட்டு எழுந்து வந்தார்.

"யம்மா, இத எங்க புடிச்சீங்க? சூளைக்காரிக்கு என்னமோ கொறையுதேன்னு ஒரு மாசமா மண்டைய ஒடச்சிக்கிட்டிருக்கேன். இந்த மூஞ்சிதான்! ஷூட்டிங் நாப்பது நாளும் இப்பிடியே இழுத்துப் புடிக்க முடியுமா?"

சீனியப்பன் பவுடர் டப்பாவை மூடினான். ஏற்கெனவே மூடியிருந்த டப்பா.

"முடியும் தம்பி."

வார்த்தை கொஞ்சம் ஒழுகியது. அதற்கும் கைதட்டினார்கள்.

வண்டியில் ஏறியதும் பையிலிருந்து ஒரு பலூனை எடுத்தாள். சிவப்பு. உதட்டில் வைத்தாள்.

வண்டி இரண்டு சிக்னல் தாண்டியது.

பலூனை ஊதாமலே பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.