தண்ணி காட்டினவ

"மேடம், அவ நம்ம எல்லாருக்கும் தண்ணி காட்டறா!"

டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். "யாரு?"

"வேற யாரு, உங்க கைராசிக்காரிதான்! செடிக்குச் சொட்டுத் தண்ணி விடக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல? என் தட்டுல இருக்கற தொட்டிச் செடியெல்லாம் மஞ்சளாக் கிடக்கு. அவ தட்டு மட்டும் எப்படித் துளிர் விடும்? திருட்டுத்தனமா ஊத்தறா மேடம்."

புகார் சொன்னவளின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருந்தது. செடி ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளர்கள் ரெண்டே பேர். ஒருத்திக்குத்தான் வேலை நிரந்தரமாகும். நேற்று வந்த சின்னப் பெண்ணை வாட்ச்மேன்கூட 'கைராசி' என்று கூப்பிடுகிறார். இத்தனை வருஷம் மண்ணைக் கிளறிய மூத்தவளுக்கு ஒரு பட்டப்பெயரும் கிடையாது. செடி செழித்தவளுக்குத்தான் வேலை என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள்.

"வாங்க, பார்த்துடலாம்" என்று எழுந்தார் டாக்டரம்மா.

கண்ணாடிக் கூடத்தில் கைராசி தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். மூத்தவளைப் பார்த்ததும் சிரித்தாள். "என்னக்கா, பாட்டில் மறுபடி காலியா? வரவர உங்களுக்குத் தாகம் ஜாஸ்தி. குடுங்க, ரொப்பித் தர்றேன்."

"எனக்குக் கை இல்லையா?"

டாக்டரம்மா கைராசியின் தொட்டி ஒன்றைத் தூக்கினார். காற்று மாதிரி லேசாக இருந்தது. மண்ணில் விரலை விட்டார். பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"இதுல தண்ணியே படலையே!"

"அப்புறம் எப்படி மேடம் பச்சையா நிக்குது? மந்திரமா?"

"மந்திரமும் இல்ல, கைராசியும் இல்ல. கஷ்டம் வந்தா செடி தன் செல்லுக்குள்ள இருக்கற பழசு, பழுது எல்லாத்தையும் உடைச்சு, அதையே சாப்பாடாக்கிக்கும். அந்தத் தெம்புல தாக்குப்பிடிச்சு வளரும். உங்க தட்டுச் செடியில அந்த வேலையை நான் நிறுத்தி வச்சிருக்கேன். அது வாடணும். வாடினாத்தான் என் ஆராய்ச்சிக்கே நிரூபணம்."

"வாடணுமா?" மூத்தவள் தன் தட்டைத் திரும்பிப் பார்த்தாள். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்..."

"சொன்னா கவனிப்புல வித்தியாசம் வந்துடும். அதான் சொல்லல."

பேசிக்கொண்டே டாக்டரம்மா பக்கத்துத் தட்டுக்குக் கை நீட்டினார்.

"என்னோடது எதுக்கு மேடம்?"

தொட்டி கனத்தது. அடியிலிருந்து தண்ணீர் சொட்டி டாக்டரம்மாவின் செருப்பில் விழுந்தது.

"யாரு ஊத்தினது? எல்லாம் பாழாப் போச்சு! மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்!"

மூத்தவள் பாட்டிலை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நான்தான் மேடம்" என்றாள் கைராசி. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் வந்தாள். "பாவமா இருந்துச்சு. தெரியாம ஊத்திட்டேன்."

"தெரியாமலா? நிரந்தர வேலைன்னு ஒண்ணு இருந்ததையே மறந்துடு!"

டாக்டரம்மா விடுவிடுவென்று போய்விட்டார்.

கைராசி மூத்தவளின் முந்தானைக்குள்ளிருந்து பாட்டிலை மெல்ல உருவிக் குழாயில் பிடித்தாள். நிரம்பியதும் மூடியைத் திருகி அவள் கையில் வைத்தாள்.

"குடிக்கறதுக்கு மட்டும், அக்கா."