புதையுண்ட நகரத்தைப் பார்க்க வந்த கூட்டம்

மூக்குக்கண்ணாடி அணிந்த அந்த அம்மாள் சிற்பத்தின் முன் கண்களை மூடி நின்றிருந்தார். நெற்றிச் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்த சிற்பி இன்னும் கொஞ்சம் தலையை நீட்டிப் பார்த்தான்.

அவன் செய்த சிற்பத்தின் பெயர் 'புதையுண்ட நகரம்'. மணல், சாக்குத்துணி, உடைந்த பானைகள், துருப்பிடித்த சக்கரம் எல்லாவற்றையும் பசையில் குழைத்து, பாலைவனத்தில் தோண்டியெடுத்த கோட்டை மாதிரி ஆளுயரத்துக்கு நிறுத்தியிருந்தான். பாலைவனத்தை அவன் பார்த்ததில்லை. அகழாய்வு அனுபவம் என்றால், தொலைந்த சாவியைக் கட்டிலுக்கடியில் தேடியதுதான்.

"மாப்ளே, அந்தச் சக்கரம் நம்ம கடைச் சரக்குதானே?" என்று காதைக் கடித்தார் மச்சான். மனைவியின் அண்ணன், பழைய இரும்பு வியாபாரி.

"ஆமா மச்சான்."

"என்கிட்ட இருந்தவரைக்கும் யாராவது விலையாவது கேட்டான்."

சிற்பி மறுக்கவில்லை. இதையே அவன் இன்னும் மோசமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுண்டு. போன கண்காட்சியில் அவன் சிற்பத்தின் மேல் குடையைச் சாய்த்துவைத்துவிட்டு மற்றதையெல்லாம் பார்க்கப் போனார்கள். அதனால்தான் இந்த ஒப்பந்தம்: இந்த முறையும் யாரும் சீண்டாவிட்டால் கலையை மூட்டைகட்டிவிட்டு, மச்சான் கடையில் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டே மிச்ச ஆயுளைக் கழிக்க வேண்டும். மனைவிதான் சாட்சி.

ஆனால் கூட்டம் கூடிக்கொண்டே போனது. கையேட்டால் விசிறியபடி மண்டபத்தைச் சுற்றி வந்தவர்கள், புதையுண்ட நகரத்தின் முன் வந்ததும் விசிறுவதை மறந்து நின்றார்கள். ஒருவர் "அப்பாடா" என்றார். கையேட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மச்சான் கூட்டத்துக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார்.

"ஏன்னு சொல்லத் தெரியல மாப்ளே, நின்னா மனசுக்கு இதமாத்தான் இருக்கு. கடை முன்னால நின்னவன் பாதி வாங்கின மாதிரி. நான் கடைக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

சிற்பிக்கு வாயெல்லாம் பல். அந்த நேரம் பார்த்துக் கண்காட்சிப் பொறுப்பாளர் வந்தார்.

"சார், கூட்டம் வழியை அடைக்குது. உங்க சிற்பத்தை வாசல் ஹாலுக்கு மாத்திடலாமா? முக்கியமான படைப்பை அங்கதான் வெப்போம்."

இதற்கு யோசிப்பானா? தள்ளுவண்டி வந்தது. உதிர்ந்த மணலை உள்ளங்கையில் ஏந்தியபடி, சாமி ஊர்வலத்தோடு போவதுபோல் அவன் கூடவே போனான். வாசலில் மூன்று விளக்குகள் போட்டார்கள். யாரும் தொடக்கூடாது என்று கயிறுகூடக் கட்டினார்கள். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, பாராட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று ஒத்திகை பார்த்தபடி நின்றான். ரசிகர்கள் பின்னாலேயே வந்துவிடுவார்கள் அல்லவா.

ஒரு ஈ காக்கை வரவில்லை.

"பாவம், எங்க வெச்சிருக்குன்னு தெரியாம தவிப்பாங்க மச்சான். வாங்க, கூட்டிட்டு வரலாம்."

இருவரும் உள்ளே போனார்கள். கூட்டம் அதே இடத்தில் வெறும் சுவரைப் பார்த்து நின்றிருந்தது. முன்பைவிடச் சற்று நெருக்கியடித்துக்கொண்டு.

கண்ணாடி அம்மாள் கண்ணைத் திறக்காமலேயே பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"நல்லவேளை, குறுக்க நின்ன அந்த மண்மேட்டை எடுத்துட்டாங்க. இப்பதான் ஏசி காத்து நேரா மூஞ்சில படுது."