தபால்காரர் திரும்பி வருவாரா

தபால்காரர் செத்துப்போன செய்தி, வாசகர் வட்டத்துக்கு வந்த பிறகுதான் சலூன்காரருக்குத் தெரிந்தது.

"எப்ப?" என்றார். வாய்வரை போன டீ கிளாஸ் அங்கேயே நின்றது.

"மூணாவது பாகத்துல. கிணத்துக்குள்ள," என்றார் மருந்துக்கடை அக்கா, சாப்பாட்டுக்குப் பிறகு ரெண்டு மாத்திரை என்று சொல்லும் அதே குரலில். "முதல்ல காலைப் பிடிச்சு இழுத்துச்சு."

எங்கள் வட்டத்தின் வழக்கம் அப்படி. புத்தகம் ஒன்று, ஆட்கள் ஐந்து. ஒருவர் மாற்றி ஒருவர் படித்தால், கடைசி ஆள் முடிப்பதற்குள் முதல் ஆளுக்குக் கதை மறந்துவிடுகிறது.

ஆகவே பைண்டர் புத்தகத்தின் தையலைப் பிரித்து ஐந்து பாகமாக்கி ஆளுக்கொன்று கொடுத்துவிடுவார். ஞாயிறு மதியம் அவருடைய பைண்டிங் கடையில் காகிதக் கட்டுகளின்மேல் உட்கார்ந்து, அவரவர் பாகத்தைப் பற்றி அவரவர் கருத்துச் சொல்ல வேண்டும். மறுநாள் திரும்பத் தைத்து அலமாரியில் வைத்துவிடுவார்.

ஐந்து பேரும் முழுப் புத்தகம் படித்ததாகப் பேர்.

இந்த வாரம் பேய் நாவல்; அட்டையில் ஏதோ ஒரு புனைபெயர். ஒரு சின்ன ஊர். ஊர்க் கிணற்றுக்குள் ஒரு தீய சக்தி. ஊரே சேர்ந்து அதற்குத் தீனி போடுகிறது.

சலூன்காரருக்கு முதல் பாகம். அதில் பேய் இன்னும் வரவில்லை. மழை பெய்கிறது, தபால்காரர் சைக்கிளில் வருகிறார், அவ்வளவுதான்.

"தங்கமான ஊருங்க," என்று சற்று முன்புதான் கருத்துச் சொல்லியிருந்தார். "வாடகை கட்டுப்படியானா கடையை அங்கயே மாத்திடலாம்னு பார்த்தேன்."

இரண்டாம் பாகம் பைண்டருக்கு. "ஒரே இருட்டு. பக்கம் பக்கமா இருட்டு. ஒருத்தனாவது எழுந்து லைட்டைப் போடுறானா?" என்றார். "ஆனா பேப்பர் ஓரம் சுத்தமா வெட்டியிருக்கான்."

நான்காம் பாகத்துக்காரர் தையல்காரர். "என் பாகத்துல எல்லாரும் ஏற்கெனவே செத்துட்டாங்க. யாரு யாருக்கு என்ன உறவுன்னே தெரியல. அதை விடுங்க, ஒரு ஊர்ல அத்தனை பேருமா கெட்டவங்களா இருப்பாங்க? ரெண்டு பேராவது சோம்பேறியா இருக்க மாட்டாங்க?"

நியாயமான கேள்வி. எனக்கு அது தோன்றவே இல்லை.

சலூன்காரர் எதையும் காதில் வாங்கவில்லை. தோளில் கிடந்த துண்டால் ஒரு கண்ணைத் துடைத்தார். பிறகு, சமமாக இருக்கட்டும் என்பதுபோல, மற்றதையும் துடைத்தார்.

"லெட்டர் இல்லாத அன்னிக்கும் கடைக்குள்ள எட்டிப் பார்த்து, 'இன்னிக்கு உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க'ன்னு சொல்லிட்டுப் போவாருங்க அந்த மனுஷன். இல்லைன்னு சொல்றதுக்காக மெனக்கெட்டு சைக்கிளை விட்டு இறங்குவாரு. நம்மகிட்ட அப்படி யாரு வர்றா?"

அக்கா, கிணற்றில் தள்ளியதே தான்தான் என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த எழுத்தாளன் மட்டும் ஒருநாள் என் நாற்காலியில வந்து உட்காரட்டும்," என்றார் சலூன்காரர். கை தன்னாலேயே காற்றில் கத்தி தீட்டியது.

நான் தாடையைத் தடவிக்கொண்டேன். வாராவாரம் அவரிடம்தான் சவரம்.

திடீரென்று அவர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி! கடைசிப் பாகம் உங்ககிட்டதானே? அவர் திரும்பி வர்றாரா?"

கடைசிப் பாகம் எனக்கு மனப்பாடம். ஊருக்குப் புதிதாக ஒரு தபால்காரர் வருகிறார். எல்லோரும் சிரித்த முகத்தோடு அவருக்குக் கிணற்றுக்கு வழி காட்டுகிறார்கள். 'கிணறு மெல்ல ஒரு ஏப்பம் விட்டது' என்று நாவல் முடிகிறது. ஈவிரக்கமற்ற முடிவு. அதுதான் அதன் சிறப்பு.

நாலு பேரும் என்னையே பார்த்தார்கள். சலூன்காரரின் டீயில் ஆடை படிந்திருந்தது.

"வர்றார்," என்றேன்.

"பழைய ஆளேவா?"

"பழைய ஆளேதான்."

அக்கா நிமிர்ந்தார். "காலோடயா?"

"ரெண்டு காலோடயும். கொஞ்சம் நனைஞ்சிருக்கார், அவ்வளவுதான்."

"சைக்கிள்?" என்றார் தையல்காரர்.

"அதுவும் வருது."

சலூன்காரர் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். "அப்படிப் போடு! எழுத்தாளன் நல்லவன்தான். நாமதான் அவசரப்பட்டுட்டோம்." பிறகு பைண்டரிடம், "நாளைக்குத் தச்சு முடிச்சதும் மொதல்ல எனக்குக் குடுங்க. அந்த இடத்தை மட்டும் என் கண்ணால ஒரு தடவை படிச்சுக்கிறேன்."

"காலையில பாகத்தைக் கொண்டு வந்துடுங்க தம்பி," என்றார் பைண்டர் என்னிடம்.

வெளியே வந்து, முக்கு திரும்பியதும் பதிப்பாளருக்கு போன் செய்தேன். கடைசி அத்தியாயத்தில் ஒரு சின்னத் திருத்தம், அடுத்த பதிப்பில் சேர்க்க முடியுமா என்று கேட்டேன்.

"அடுத்த பதிப்பா? இதுவரைக்கும் உங்க நாவல் வித்ததே ஒரே ஒரு காப்பிதான் தம்பி," என்றார் அவர். "அது யாருகிட்ட இருக்குன்னு தெரிஞ்சா, நீங்களே போய்ப் பேனாவால திருத்திட்டு வந்துடுங்க."

வீட்டுக்கு வந்து கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். கிணறு ஏப்பம் விட்ட இடத்துக்குக் கீழே பாதிப் பக்கம் வெற்றாகக் கிடந்தது.

சைக்கிள் மணியிலிருந்து ஆரம்பித்தேன்.