ஓடாத சைக்கிள்

தேத்தண்ணி வடிக்குள்ளால் மண்ணெண்ணெய் வடிவதைக் கண்டதும் கேதீஸ்வரிக்கு ஓங்காளம் வந்தது.

நேற்றுத்தான் வாங்கிய புது வடி. அவள் புருஷன் நமசிவாயம் குசினி வாசலில் குந்தியிருந்து, சைக்கிள் சங்கிலி கழுவிய கறுப்பு மண்ணெண்ணெயை அதில் வடித்துக்கொண்டிருந்தார். திரும்பவும் பாவிக்கலாமாம். அரியண்டம் பிடித்த மனுசன்.

லண்டனிலிருந்து திருவிழாவுக்கு வந்த மைத்துனர் விட்டுப்போன கியர்ச் சைக்கிள் அது. நமசிவாயம் அதை ஒருநாள்கூட ஓடியதில்லை. தோட்டத்துக்கும் மோட்டார்சைக்கிள், சந்தைக்கும் மோட்டார்சைக்கிள். ஆனால் விடியற்காலை தோட்டத்துக்குத் தண்ணி இறைத்து முடித்து வந்தால், உடுப்பும் மாற்றாமல் இதற்கு முன்னால் குந்திவிடுவார்.

பல்லுச் சக்கரம் தேய்க்க அவளின் பழைய பல்லுப் பிறஷ். துடைக்க அவளின் உள்பாவாடைத் துண்டு. பிறகு அந்தக் கையாலேயே புட்டுக் குழைப்பார், நகக்கண் முழுக்கக் கிறீஸோடு.

இந்த அருவருப்போடு அவளுக்கு ஒரு பயமும் இருந்தது.

போன வருடம் அவள் சைக்கிளால் விழுந்து கை முறிந்தபோது, அவளின் லேடீஸ் சைக்கிளை ஒரு சொல் கேட்காமல் தங்கை வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். இனிச் சைக்கிள் பக்கமே போகக்கூடாது என்று உத்தரவு வேறு. அவள் இரண்டு நாள் அழுதாள்.

பிறகு அழுகையை விட்டுவிட்டு, அவர் இறைக்கப் போகும் நேரம் பார்த்து இந்தக் கியர்ச் சைக்கிளை மெல்ல உருட்டி எடுத்தாள். பண்டத்தரிப்பு தாண்டி, கடற்கரை வரைக்கும் ஒரு ஓட்டம். அவர் வருமுன் சைக்கிள் பழையபடி சுவரோடு நிற்கும். நாள் முழுக்க அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். பிடிபட்டால் அதுவும் போய்விடும்.

இன்றைக்கு நமசிவாயம் கைபிடியடியில் எதையோ கண்டுவிட்டார்.

கியர்க் கம்பி. இழை இழையாகப் பிரிந்து, அறுகிற பக்குவத்தில் நின்றது.

ஓடாத சைக்கிளுக்குக் கம்பி தேயுமா? அவள் அடுப்படியில் அப்படியே நின்றாள். எலி கடித்தது என்று சொல்லலாமா? இரும்பை எலி கடிக்குமா, விசரி.

அவர் பழைய கம்பியைப் பல்லால் கவ்வி இழுத்து உருவினார். பல்லால்! வாயில் ஒட்டிய ஊத்தையைக் கறுப்பாய் அவளின் கறிவேப்பிலைக் கன்றடியில் துப்பினார். சீ.

பிறகு சாரமடியை அவிழ்த்து ஒரு புதுக் கம்பியை எடுத்தார்.

அது எப்போது வாங்கினது?

கம்பியைக் கோத்து, கியரை இரண்டு தரம் மாற்றிப் பார்த்துவிட்டு, நிமிராமலே சொன்னார்.

"இஞ்சாரப்பா, சோளகக் காத்துத் துவங்கீட்டுது. கடற்கரையிலை இருந்து திரும்பேக்கை எதிர்க்காத்து, லேசான கியரிலை வா. ஊண்டி மிதிச்சுக்கொண்டு மாத்தினால் கம்பி தேயும்."

கேதீஸ்வரி வடிக்குள் எட்டிப் பார்த்தாள்; அடியில் கடற்கரை மணல். இத்தனை மாதமும் எல்லாம் தெரிந்துகொண்டே, அவள் கொண்டுவந்த மணலைத்தான் மனுசன் ஒவ்வொரு நாளும் இருந்து கழுவியிருக்கிறார்.