செருப்புப் போட்ட மீன்

“நேத்து பழகின மாதிரியே படிக்கணும். ஒருத்தர் சொதப்பினாலும் அத்தனை பேருக்கும் கஞ்சி போச்சு. புரியுதா?”

லாசே தாராமு பிள்ளைகளைக் கிட்டே கூட்டிவைத்துச் சொன்னார். அகதி முகாமில் நடக்கும் கோடை வகுப்புக்கு அவர்தான் தாராமு, அதாவது டீச்சர்; சமையல்காரி, விறகு பொறுக்குகிறவர் எல்லாமும் அவரே. பிள்ளைகள் மிரட்சியோடு தலையாட்டினார்கள்.

“பயத்துல மறந்துட்டா, தாராமு?” என்றாள் செர்கே. முதுகில் துணியால் கட்டியிருந்த தம்பி தன் கையைச் சப்பிக்கொண்டிருந்தான்.

“உன் தம்பி மூஞ்சியை ஒரு தடவை நினைச்சுக்கடி. மறக்காது.”

முகாமில் அரிசியைக் குறைத்தார்கள். பிறகு குறைத்ததைக் குறைத்தார்கள். இப்போது கிழவர்களுக்கும் நோயாளிகளுக்கும் மட்டும் என்றாகிவிட்டது. வேலி தாண்டிச் சோளக்காட்டுக்குக் கூலி வேலைக்குப் போனால், திரும்பி வருவது வழியில் பிடிக்கிற காவலர்களின் மனசைப் பொறுத்தது.

மூங்கில் குருத்துப் போட்டு வகுப்புக்குப் பின்னால் கொதிக்கிற கஞ்சிதான் பல குடிசைகளுக்கு அன்றைய சாப்பாடு. பிள்ளைகள் பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் தூக்குவாளியில் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். வகுப்பு தொடருமா, இன்றோடு முடிந்ததா என்பதை டவுன் ஆபீஸிலிருந்து வரும் ஏடோ வாத்தியார், அவர்கள் பேச்சில் ‘தாரா’ ஏடோ, சோதித்துப் பார்த்துச் சொல்வார்.

பிக்கப் வண்டி வந்தது. முதலில் பேனர் இறங்கியது. அதன் பின்னால் ஏடோவும் ஒரு போட்டோக்காரரும் இறங்கினார்கள்.

‘மகிழ்ச்சியாய்க் கற்போம்’ என்ற அந்தப் பேனர் வகுப்பறையைவிட அகலம். ஜன்னலை மறைத்துத்தான் கட்ட முடிந்தது. வந்துகொண்டிருந்த கொஞ்சக் காற்றும் நின்றது.

“பிள்ளைங்க இன்னும் கொஞ்சம் மகிழ்ச்சியா இருக்கலாமே, தாராமு? போட்டோல ரொம்ப வாடித் தெரியுறாங்க.”

“சாப்பிட்டா தெளிஞ்சுடுவாங்க, தாரா.”

கற்றல் இடைவெளி பற்றியும் முழுமையான வளர்ச்சி பற்றியும் ஏடோ நெடுநேரம் பேசினார். நிலைத்த தாக்கத்துக்கு வந்தபோது செர்கேயின் தம்பி தூங்கிவிட்டான். அவனைப் பார்த்து மற்றவர்கள் பொறாமைப்பட்டார்கள்.

பிறகு புத்தகக் கட்டைப் பிரித்து, ஆளுக்கொன்றாக அவரே கொடுத்தார். அச்சகத்திலிருந்து நேற்றுத்தான் வந்தவை. மை வாசனைகூடப் போகவில்லை.

முதல் பக்கத்தில் ஒரு குட்டிக் கதை. புதுச் செருப்பு நனையக்கூடாதென்று தலையில் வைத்துக்கொண்டு ஆற்றைக் கடக்கிற ஊர்த்தலைவர் வழுக்கி விழுவார். கடைசி வரியில், ஆற்று மீன்கள் செருப்புப் போட்டுக்கொண்டு ஊர்கோலம் போகும்.

“எங்கே, நீ வாசி” என்று செர்கேயை எழுப்பினார் ஏடோ.

“ஊ... ஊரு... ஊர்த்...” அதற்கு மேல் வரவில்லை. அவள் விரல் முதல் வரியின் முதல் சொல்லிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

“உட்காரு. நீ?”

லெர்தூ எழுந்து, புத்தகத்தை மூக்குவரை கொண்டுபோனான். “ஆ... ஆ...” என்றான். கொட்டாவியா எழுத்தா என்று தெரியவில்லை.

அடுத்தவனுக்கு அதுவும் வரவில்லை.

அப்போது ‘க்ளுக்’ என்று ஒரு சிரிப்பு. செர்கே வாயைப் பொத்திக்கொண்டு, புத்தகத்தின் மேல் கவிழ்ந்து குலுங்கிக்கொண்டிருந்தாள். தம்பி விழித்து அழ ஆரம்பித்தான்.

“என்ன சிரிப்பு?”

லாசே தாராமுவின் முகம் வெளுத்துவிட்டது. “உங்களைப் பாத்து இல்ல, தாரா! பசி முத்திட்டா இது இப்படித்தான் கிறுக்கு மாதிரி சிரிக்கும்.”

ஏடோ குனிந்து, தன் பளபளப்பான காலணியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“கோடை பூரா என்ன சொல்லிக் குடுத்தீங்க, தாராமு? ஒருத்தருக்காவது ஒரு வரி வருதா? டவுன்ல நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேசுறது?”

வேலியோரம் அம்மாக்கள் காலி வாளிகளோடு வந்து நிற்கத் தொடங்கியிருந்தார்கள். உள்ளே பார்க்க யாருக்கும் தைரியமில்லை. அடுப்பில் கஞ்சி மட்டும் எதுவும் தெரியாமல் கொதித்துக்கொண்டிருந்தது.

ஏடோ போனை எடுத்து, பணம் தருகிற தலைமை ஆபீஸைக் கூப்பிட்டார்.

“மேடம், நிலைமை படுமோசம். நானே சோதிச்சுப் பாத்தேன்... ஆமாங்க, ஒரு எழுத்து தாண்டலை... இப்படியே விட்டுட்டா நல்லா இருக்காதுங்க... மழைக்காலம் முடியற வரைக்குமா? ரொம்ப நல்லது மேடம். அப்ப நம்ம டவுன் ஆபீஸையும் இப்போதைக்கு மூட வேண்டாம் இல்லையா?... நன்றி மேடம், நன்றி.”

போனைப் பையில் போட்டுவிட்டு, போட்டோ எடுப்பவர் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டார். பிறகு இரண்டு கைகளையும் விரித்தார்.

“இந்தப் பிள்ளைங்களை இந்த நிலைமையில நான் கைவிட மாட்டேன்! மழை முடியற வரைக்கும் வகுப்பு நடக்கும். கஞ்சியும் உண்டு.”

வேலியோரத்தில் யாரோ விம்மினார்கள். லாசே தாராமு கண்ணைத் துடைத்தபடி அகப்பையைத் தேடினார். பேனரைச் சுருட்டியதும் ஜன்னல் வழியாகக் காற்று வந்தது.

வண்டி கிளம்பும்போது ஏடோ கண்ணாடியை இறக்கி, தாராமுவை விரலால் கிட்டே கூப்பிட்டார். டிரைவருக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

“முதல் வார்த்தையே வராத பொண்ணு, கடைசி வரிக்குச் சிரிக்கக் கூடாது தாராமு.”