ஒரே வாரத்தில் மூன்று தடவை

"இவனை இன்னொரு தடவை நிக்க வைங்க பூங்குழலி."

பூங்குழலி மகனைத் தூக்கி நிறுத்தினாள். கவினுக்குப் பதினோரு மாதம். வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான், ஆடினான், பொத்தென்று உட்கார்ந்தான். சிரித்தான்.

கிராம நர்ஸ் மேகலா சிரிக்கவில்லை. அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தார்ப்பாயில் மிளகைப் பரத்திக்கொண்டிருந்த மாமியார் பாப்பாயி நிமிர்ந்தாள்.

"ஏனுங்க நர்சம்மா, கோயில் சாமியே எங்க ஊட்டு வாசலுக்கு வருசத்துல ஒருக்காதான் வருது. நீங்க திங்கக்கெழம வந்தீங்க, பொதங்கெழம வந்தீங்க, இன்னிக்கு வெள்ளி. என்ன சமாச்சாரம்?"

"சும்மா எடை பார்க்கத்தாங்க."

"ரெண்டு நாள்ல என்ன, பலாப்பழமாட்டம் ஊதிருமா எம்பேரன்?"

எடை போட்டாகிவிட்டது. ஆனாலும் மேகலா கிளம்பவில்லை. கொண்டு வந்திருந்த பொரிப் பொட்டலத்திலிருந்து ஒரே ஒரு பொரியை எடுத்துக் குழந்தைக்கு முன்னால் வைத்தாள். கவின் இரண்டு விரலால் கிள்ளி எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அவனுக்குப் பின்னால் போய்க் கரண்டியால் தட்டைத் தட்டினாள். திரும்பினான். மறுபக்கம் தட்டினாள். அந்தப் பக்கமும் திரும்பினான்.

பூங்குழலியின் கண் நர்ஸின் பை மேலேயே இருந்தது. நோட்டு வெளியே வரவே இல்லை. புதன்கிழமையும் இப்படித்தான், எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றும் எழுதாமல் போனாள். எழுத முடியாதபடி அப்படி என்ன இருக்கிறது?

திங்கட்கிழமை தடுப்பூசி அட்டை பார்க்க வந்தவள், "நீங்க ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டாள். பூங்குழலி மறைக்கவில்லை. மனநல டாக்டர் கொடுத்த மாத்திரையைக் காட்டினாள். மேகலா மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தாள்.

"இவன் வயித்துல இருந்தப்பவும் இதேதானா?"

"ஆமாங்க்கா. பத்து மாசமும்."

அன்று தொடங்கியதுதான் இந்தச் சோதனை.

"எனக்குத் தெரியும், எல்லாம் அந்த மாத்திரைதான்" என்றாள் பாப்பாயி. "வாயும் வயிறுமா இருக்கறவ மனசு மாத்திரையை முழுங்காதடின்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா?"

"நிறுத்துனா என்ன ஆவும்னு நீங்க பார்க்கலையா அத்தை?"

பாப்பாயி குனிந்து மிளகைக் கிளறினாள். கல்யாணமான வருடம் பூங்குழலி தானாகவே மாத்திரையை நிறுத்தினாள். பதினெட்டு நாள் தூக்கம் இல்லை. குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் தனியாகப் பேசிக்கொண்டு திரிந்தவளைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தது பாப்பாயிதான்.

அதற்குப் பிறகு, குழந்தை வேண்டும் என்று போய்ச் சொன்னபோது, நாமக்கல் டாக்டர் ஒரு மாத்திரையை மட்டும் மாற்றினார். "இன்னொண்ணு தொடரட்டும். நீயா நிறுத்தினாத்தான் உனக்கும் குழந்தைக்கும் ஆபத்து" என்றார். பூங்குழலி நம்பினாள்.

இந்த ஐந்து நாளில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டிருந்தது.

மேகலா குழந்தையை மடியில் போட்டு உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். காது மடலைப் பார்த்தாள். வாயைத் திறந்து அண்ணத்தைப் பார்த்தாள்.

"போதும்க்கா." பூங்குழலி குழந்தையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். "மறைக்காம சொல்லிடுங்க. எம்புள்ளைக்கு என்ன கொறை? மாத்திரையாலதானே? இப்பவே அத்தனையும் அடுப்புல போட்டுடறேன்."

"ஐயோ, வேண்டாங்க!" மேகலா பதறி எழுந்தாள். "நிறுத்தாதீங்க. ஒரு கொறையும் இல்லை. எடை ஒம்பது கிலோ. நிக்கறான், சத்தத்துக்குத் திரும்பறான், கிள்ளி எடுக்கறான். எல்லாமே வயசுக்குச் சரியா இருக்கு. சத்தியமாங்க."

பூங்குழலி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் இறங்கியது. துடைக்கவும் தோன்றவில்லை. அம்மாவின் மூக்கைப் பிடித்து இழுத்தான் கவின்.

பாப்பாயி ஓடி வந்தாள். பேரனின் கன்னத்தைத் தொடப் போனவள், கையெல்லாம் மிளகுக் காரம் என்று நினைவு வந்து நெற்றியால் அவனை முட்டினாள். "எஞ்சாமி! நல்லாத்தான் இருக்கான்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

"எப்ப அத்தை சொன்னீங்க?"

"மனசுக்குள்ள சொன்னேன்டி." பாப்பாயி நர்ஸ் பக்கம் திரும்பினாள். "அப்பறம் எதுக்குங்க இந்த நடை? நல்லா இருக்கற புள்ளையப் பார்க்கவா மூணு வாட்டி மேடேறி வந்தீங்க?"

மேகலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இந்த மாத்திரையைப் பத்தி டாக்டர் விவரமாத்தாங்க சொன்னார். ஆயிரக்கணக்கான குழந்தைங்களைப் பார்த்து எழுதினதையும் காட்டினார். படிச்சேன், புரிஞ்சுது. ஒரு புள்ளையை வெச்சு முடிவு பண்ணக் கூடாதுன்னும் தெரியும். இருந்தாலும் ஒருத்தனையாவது தூக்கிப் பார்க்கணும்னு தோணுச்சு."

"யார்கிட்டங்க்கா சொன்னார்?" என்றாள் பூங்குழலி.

"எங்கிட்டதான். எனக்கும் இதே மாத்திரைதான் பூங்குழலி. வயித்துல இப்ப ரெண்டு மாசம்." மேகலாவின் குரல் இறங்கியது. "காலையில போன்லகூட உடனே போடச் சொன்னார். ரெண்டு நாளா இந்தப் பையிலயே வெச்சுக்கிட்டு முழுங்காம உக்காந்திருக்கேன்."

பாப்பாயி உள்ளே போனாள். கையைக் கழுவிக்கொண்டு, ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து மேகலாவின் எதிரில் நின்றாள்.

"இங்கயே முழுங்கு கண்ணு."