ஹாலில் போட்ட கூடாரம்

ஏரிக்கரையில் தங்கப் போகுமுன் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, என் வீட்டுக்காரர் கூடாரத்தை ஹாலிலேயே சுவரை ஒட்டிப் போட்டார். உள்ளே போய் ஜிப்பை மூடிக்கொண்டார். நான் காபி போட்டு எடுத்து வருவதற்குள் வெளியே வந்தார். முழங்கால் வரைக்கும் சேறு.

“ஏங்க, இப்பத்தானே வீட்டைத் துடைச்சேன்!”

“ஏரி நல்லாத்தான் இருக்கு. கொசுதான் பிடுங்குது. போக வேணாம், விடு.”

கல்யாணமான நாளிலிருந்து, கிளம்புகிற நேரத்தில் இப்படி ஏதாவது சாக்கு சொல்வார். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னது இதுதான் முதல் தடவை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு நானே உள்ளே நுழைந்தேன். பாய் மட்டும்தான் கிடந்தது.

சுவர்ப்பக்கத்துத் துணியை யாரோ தட்டினார்கள்.

“படகு கிளம்புதுக்கா. அண்ணன்தான் ஓடிட்டாரு, நீங்களாவது வர்றீங்களா?”

“இருங்க தம்பி, செருப்பை மாட்டிட்டு வந்துடறேன்.”